தரையில் சொட்டில்லை, டேங்க்கில் கூலன்ட் இல்லை: ஒளிந்திருக்கும் கசிவைப் பிடிப்பது எப்படி?

வீட்டு காரின் பானெட்டைத் திறக்கிறீங்க. போன மாதம் 'மேக்ஸ்' கோட்டில் இருந்த கூலன்ட் இப்போது 'மின்' கோட்டில் நிற்கிறது. ஊற்றி நிரப்புறீங்க. ரெண்டு வாரத்தில் மறுபடியும் அதே கதை. வண்டி நிற்கும் இடத்தில் தரை காய்ந்து கிடக்கிறது, ஹோஸில் ஈரம் இல்லை, டெம்பரேச்சர் முள்ளும் ஒழுங்காக நடுவில்தான் இருக்கிறது. அப்புறம் கூலன்ட் எங்கேதான் போகுது?

இந்தக் கட்டத்தில் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு சொல்லுவாங்க. "ரேடியேட்டர் போயிருக்கும்." "வாட்டர் பாடியை மாத்திருங்க." "ஹெட் கேஸ்கெட் தானுங்க, ஹெட்டைக் கழட்டிறலாம்." மூன்றில் எது வேண்டுமானாலும் சரியாக இருக்கலாம். எதுவுமே இல்லாமல் ஒரு ரேடியேட்டர் மூடியாகக்கூட இருக்கலாம். மூடியை மாற்றுவது அஞ்சு நிமிட வேலை. ஹெட்டைக் கழட்டினால் வாடகைக் கார் ஓட்டுறவருக்குப் பல நாள் ஓட்டம் போச்சு, கையில் இருந்த காசும் போச்சு. கழட்டிய பிறகும் கசிவு நிற்கவில்லை என்றால் அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படிக்கிற நம்மிடம் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் இந்தக் கேள்வி எப்படியும் வரும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை. ஒரே ஒரு விஷயத்தை மனசில் வைங்க: எங்கே கசியுது என்று தேடுவதற்கு முன்னால், எப்போது கசியுது என்று கண்டுபிடிங்க. கசிவுக்கு வெப்பம் வேண்டும், அழுத்தம் வேண்டும், சில நேரம் சுழற்சி வேண்டும். நாமோ இன்ஜின் ஆறின பிறகு, அழுத்தம் பூஜ்யமான பிறகு, எல்லாம் நின்ற பிறகு டார்ச் அடித்துப் பார்க்கிறோம். கிடைக்காததில் என்ன ஆச்சரியம்?

முதலில் கை பத்திரம்

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியையோ, அழுத்தம் உள்ள கூலன்ட் டேங்க் மூடியையோ திறக்கவே கூடாது. உள்ளே 100 டிகிரியைத் தாண்டிய திரவம் அழுத்தத்தால் மட்டுமே கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகின உடனே அழுத்தம் விழும், திரவம் அந்த நொடியே கொதித்து முகத்துக்கும் கைக்கும் பீறிட்டு வரும். ஈரத்துணி போட்டு மெதுவாகத் திறக்கிற வேலையும் வேண்டாம். மேல் ஹோஸைத் தொட்டால் சூடு தெரியக்கூடாது, அமுக்கினால் தளர்வாக இருக்கணும். அதுவரை காத்திருங்க. எலக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாக ஓடலாம். விரல் அந்தப் பக்கம் போகக் கூடாது.

எத்திலீன் கிளைக்கால் லேசான இனிப்புச் சுவை உள்ளது, ஆனால் விஷம். சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிடித்து வைத்த பழைய கூலன்ட்டைத் திறந்த வாளியில் விடாதீங்க. குழந்தையோ தெருநாயோ வாய் வைத்தால் உயிருக்கே ஆபத்து.

நிஜமாகவே குறையுதா?

இது அசட்டுக் கேள்வி இல்லை. தண்ணீரை 30 டிகிரியில் இருந்து 90 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் கன அளவு சுமார் 3 சதவீதம் கூடும். 6 லிட்டர் கொள்ளளவு உள்ள அமைப்பில் இது கிட்டத்தட்ட 180 மில்லி. கிளைக்கால் கலவை இதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே விரியும். சாயங்காலம் சூட்டில் ஒரு மட்டம், காலையில் குளிரில் இன்னொரு மட்டம் பார்த்துவிட்டு "குறையுது" என்று சொன்னால் அது கசிவு இல்லை, வெப்ப விரிவு. புதிதாகக் கூலன்ட் மாற்றிய வண்டியிலும் உள்ளே சிக்கிய காற்று வெளியேற வெளியேற முதல் சில நாட்கள் மட்டம் இறங்கும்.

அதனால் தினமும் காலையில், இன்ஜின் ஆறிய நிலையில், அதே சமதளத்தில் வண்டி நிற்கும்போது டேங்க்கில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்க. பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு. தேதி, ஓடிய கிலோமீட்டர், எந்த ரூட், மேடு ஏறினதா, ஏ.சி. ஓடினதா, ஓடி முடிச்சதும் ஏதாவது வாசனை வந்ததா? ஒரு வாரம் எழுதினாலே போதும், எந்த நாளில் குறையுது என்று தெரிந்துவிடும்.

தரை ஏன் காய்ந்திருக்கு என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஏறத்தாழ 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி. பத்து விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 18 மில்லி. தினம் ரெண்டு மணி நேரம் ஓடும் வண்டியில் 36 மில்லி. ரெண்டு வாரத்தில் அரை லிட்டர் காலி! ஆனால் அந்த ஒவ்வொரு சொட்டும் 90 டிகிரி சூட்டில் இருக்கும் பிளாக் மேலோ, அதைவிடச் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மேலோ விழுந்தால் தரைக்கு வருவதற்குள் ஆவியாகிப் போகும். மிச்சம் இருப்பது கூலன்ட்டில் உள்ள சாயமும் உப்புகளும் காய்ந்த தடம் மட்டும்தான். பச்சையாகவோ, ரோஸாகவோ, வெளுப்பாகவோ உப்புப் பூத்த மாதிரி இருக்கும். ஈரத்தைத் தேடாமல் இந்தத் தடத்தைத் தேடுங்க.

இன்னொரு குழப்பம் ஏ.சி. தண்ணி. பெரும்பாலும் முன் இருக்கைப் பயணி பக்கத்துக்குக் கீழே சொட்டும், நிறம் இருக்காது, கையில் பிசுபிசுக்காது. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வைங்க. தண்ணி காய்ந்தால் கறை இருக்காது. கூலன்ட் காய்ந்தால் நிறம் தங்கும்.

கூலன்ட் போக அஞ்சு வழிதான்

மூடப்பட்ட அமைப்பில் இருந்து திரவம் குறைந்தால் அது எங்காவது போயே ஆகணும். வழிகள் இவ்வளவுதான்:

1. வெளியே, ஹோஸ், ரேடியேட்டர், பம்ப் வழியாக.
2. மூடி வழியாக, அழுத்தம் தாங்காமல் ஆவியாகவோ திரவமாகவோ.
3. கேபினுக்குள், ஹீட்டர் கோர் வழியாக.
4. சிலிண்டருக்குள் அல்லது புகை செல்லும் பாதைக்குள்.
5. இன்ஜின் ஆயிலுக்குள்.

இனி செய்யும் ஒவ்வொரு சோதனையும் இந்த அஞ்சில் ஒன்றையாவது அடித்துவிடணும். எதையும் அடிக்காத சோதனை நேர விரயம்.

'எப்போ' சொல்லும் சேதி

*காலைக் குளிரில் மட்டும் ஈரம், ஓடினதும் நின்றுவிடுகிறது.* ஹோஸ் மூட்டுகளைச் சந்தேகப்படுங்க. வயசான ரப்பர் இறுகிப் போய், குளிரில் சுருங்கும்போது கிளிப்புக்கு அடியில் இடைவெளி விடும். சூடானதும் விரிந்து தானே அடைத்துக்கொள்ளும். கிளிப்பை இன்னும் இறுக்கினால் சரியாகும் என்று ஸ்குரூ டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். ரப்பர் அறுந்துபோகும். ஹோஸையே மாத்துறதுதான் வழி.

*இன்ஜின் ஓடும்போது மட்டும்.* வாட்டர் பம்ப்பைப் பாருங்க. நம்ம ஒர்க் ஷாப் பாஷையில் வாட்டர் பாடி. ஷாஃப்ட் சுற்றும்போதுதான் சீல் கசியும். அதைக் காட்டிக்கொடுக்கவே பம்ப்பின் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க. அதைச் சுற்றிக் காய்ந்த தடம் இருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். சொட்டுதே என்று அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்தால், வெளியே வரவேண்டிய கூலன்ட் பேரிங்குக்குள் போய் பம்ப்பையே இறுக்கிவிடும்.

*வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து.* இன்ஜினை நிறுத்தினதும் பம்ப்பும் நின்றுவிடும், ஆனால் ஹெட்டில் உள்ள சூடு உடனே போகாது. தேங்கி நிற்கும் கூலன்ட் அந்தச் சூட்டை வாங்கி, ஓடும்போது இருந்ததைவிட அழுத்தம் ஏறும். ரேடியேட்டரில் பிளாஸ்டிக் டேங்க்கும் அலுமினிய உடலும் சேரும் மடிப்பு, கூலன்ட் டேங்க்கில் விழுந்த மயிரிழை விரிசல் போன்றவை இந்த நேரத்தில்தான் திறக்கும்.

*மேடு ஏறும்போது மட்டும்.* மூடி, ஃபேன், ஹெட் கேஸ்கெட். இதைத் தனியாகப் பார்ப்போம்.

*காலையில் ஸ்டார்ட் பண்ணின ஒன்றிரண்டு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லு மாதிரி ஆகிறது.* கூலன்ட் இன்னும் சூடாகவே இல்லை, பிறகு அழுத்தம் எங்கிருந்து வந்தது? சிலிண்டரில் இருந்து வாயு உள்ளே நுழைகிறது.

ஊட்டி மேட்டில் ஒரு மூடியின் மதிப்பு

சமவெளியில் பிரச்சினையே காட்டாத வண்டி மலையில் கைவிடுவது ஏன்? மேட்டுப்பாளையம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 325 மீட்டர். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள காரை 1,900 மீட்டருக்குமேல் தூக்க மட்டும் சுமார் 28 மெகா ஜூல் வேண்டும். எரிபொருளின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு வேலையாகவும், ஒரு பங்கு புகையோடும், ஒரு பங்கு கூலன்ட்டுக்கும் போகும் என்று பாடத்தில் படிச்சிருப்பீங்க. அப்படியானால் அந்த ஏற்றத்துக்காக மட்டுமே கூலன்ட் இன்னொரு 28 மெகா ஜூலை வாங்கி வெளியே தள்ளணும். கொதிநிலையில் இருக்கும் 12 லிட்டர் தண்ணியை முழுசாக ஆவியாக்கப் போதுமான வெப்பம் அது. வண்டியோ ரெண்டாவது கியரில் ஊர்கிறது, எதிர்க்காற்று இல்லை, மேலே போகப்போகக் காற்றும் மெலிகிறது.

இப்போது மூடிக்கு வருவோம். அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று ஒரு எண் இருக்கும். வெளிக்காற்றைவிட எத்தனை பார் அதிகமாக உள்ளே அழுத்தம் தாங்கும் என்பதுதான் அந்த எண். வெறும் தண்ணியை வைத்தே கணக்கிடலாம். ஊட்டியில் வளிமண்டல அழுத்தம் சுமார் 0.77 பார்தான். 0.9 மூடி நன்றாக வேலை செய்தால் உள்ளே 1.67 பார், கொதிநிலை சுமார் 114 டிகிரி. மூடியின் ரப்பர் சீல் வெடித்து அழுத்தமே நிற்கவில்லை என்றால் அதே ஊட்டியில் கொதிநிலை 92, 93 டிகிரி. சாதாரணமாக இன்ஜின் ஓடும் வெப்பநிலையே 85, 95 டிகிரிதான்! வேறு எந்தப் பழுதும் இல்லாமலே கூலன்ட் கொதிக்கும், ஆவி மூடி வழியாகக் கிளம்பும், தரையில் ஒரு சொட்டும் இருக்காது. அதே வண்டி கோயம்புத்தூரில் 98 டிகிரிக்கு மேல் கொதிநிலையோடு ஊருக்குள் ஓடும்போது எந்தக் குறையும் தெரியாது. பாதிக்குப் பாதி கிளைக்கால் கலவை இருந்தால் கொதிநிலை இன்னும் சில டிகிரி கூடும், ஆனால் பழுதான மூடியை அது காப்பாற்றாது.

ஆழியாறில் இருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கும், பண்ணாரியில் இருந்து திம்பம் ஏறும் 27 வளைவுகளுக்கும் இதே கணக்குதான். மூடியைச் சோதிக்காமல் ஹெட்டில் கை வைக்க வேண்டாம்.

பிரஷர் டெஸ்ட்: குளிரில் ஒன்று, சூட்டில் ஒன்று

கையால் அடிக்கும் பம்ப்பும் ஒரு கேஜும் சேர்ந்த கருவி இது. கல்லூரி ஆட்டோமொபைல் லேபிலோ நல்ல ஒர்க் ஷாப்பிலோ பார்க்கலாம். குளிர்ந்த இன்ஜினில் மூடியைக் கழட்டி, அந்த இடத்தில் இதை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை மட்டும் அடிக்கணும். 0.9 பார் என்றால் 13 பி.எஸ்.ஐ. அளவு. அதைத் தாண்டினால் நல்லா இருக்கும் ரேடியேட்டரையும் நாமே உடைத்துவிடுவோம். அடித்துவிட்டுக் கால் மணி நேரம் விடுங்க.

இந்தச் சோதனையை ஏன் குளிரில் செய்யணும்? குளிர்ந்த இரும்பின் மேல் விழும் சொட்டு ஆவியாகாது. இவ்வளவு நாள் சூட்டில் மறைந்த கசிவுக்கு இப்போது ஒளிய இடம் இல்லை. முள் இறங்கி, எங்காவது ஈரம் தெரிந்தால் வேலை முடிந்தது. முள் இறங்கியும் வெளியே எங்குமே ஈரம் இல்லை என்றால் முதல் வழி அடிபட்டது. கேபின், சிலிண்டர், ஆயில் மூன்றில் ஒன்று. மூடியைத் தனியாக அதே கருவியில் அடாப்டர் வைத்துச் சோதிச்சால் ரெண்டாவது வழியும் தெளிவாகிவிடும்.

முள் அசையவே இல்லையா? "கசிவே இல்லை" என்று முடிவு கட்ட வேண்டாம். குளிரில் மூடியிருந்து சூட்டில் மட்டும் திறக்கும் கசிவு உண்டு. பல இன்ஜின்களில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். 400 மில்லிமீட்டர் நீளமுள்ள ஹெட் 70 டிகிரி சூடேறினால் சுமார் 0.64 மில்லிமீட்டர் நீளும். அதே நீளமுள்ள இரும்பு 0.31 மட்டுமே நீளும். நடுவில் மாட்டிக்கொண்ட கேஸ்கெட் ஒவ்வொரு பயணத்திலும் இந்த இழுபறியைத் தாங்குது. அதனால் குளிரில் மாட்டிய கருவியை அப்படியே விட்டு, அழுத்தத்தை இறக்கிவிட்டு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி மெதுவாகச் சூடேற விடுங்க. முள் நிதானமாக ஏறினால் அது வெப்ப விரிவு. ஸ்டார்ட் ஆன உடனே துள்ளினாலோ, விறுவிறு என ஏறினாலோ சிலிண்டர் வாயு. மூடியின் எண்ணைத் தாண்டும் முன் இன்ஜினை நிறுத்துங்க.

கண் எட்டாத இடங்கள்

சொட்டு கீழே வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் ஈரம் தெரியும் இடம் பெரும்பாலும் கசியும் இடம் இல்லை. ஈரத்தின் மிக உயரமான, மிக முன்னால் இருக்கும் புள்ளியைத் தேடுங்க. சந்தேகப்படும் பகுதியைத் துடைத்துக் காயவிட்டு, டால்கம் பவுடரை லேசாகத் தூவுங்க. கசிவு வெள்ளையில் கோடு கிழித்துக் காட்டும். மெட்டலர்ஜி லேபில் பெனிட்ரன்ட் டெஸ்ட்டுக்கு டெவலப்பர் அடிப்போமே, அதே தத்துவம்தான்.

அடிக்கடி மறந்து போகும் இடங்கள் சில. தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின் அடிப்பக்கம். பிளாக்கின் பின்புறம் இருக்கும் வட்டமான டம்மி பிளக்குகள். டைமிங் கவருக்குப் பின்னால் இருக்கும் பம்ப். டர்போவுக்குப் போகும் சின்னக் குழாய். ஆயில் கூலர். இவற்றோடு ஹீட்டர் கோர். கோயம்புத்தூரில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை, அதனால் அது இருப்பதே ஞாபகம் வராது. ஆனால் பல கார்களில் ஹீட்டரை அணைத்து வைத்தாலும் அதன் வழியே கூலன்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முன் கண்ணாடியின் உட்பக்கம் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்பு, லேசான இனிப்பு வாசனை, முன்னால் கால் வைக்கும் கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரம்: இந்த மூன்றும் ஹீட்டர் கோரின் கையெழுத்து.

கை போகாத இடத்துக்குப் போனோடு இணைக்கும் எண்டோஸ்கோப் கேமரா உதவும். அப்படியும் தெரியவில்லை என்றால் கூலன்ட்டுக்கென்றே விற்கும் ஒளிரும் சாயத்தைக் கலந்து, ரெண்டு மூணு நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் யூ.வி. டார்ச் அடித்துப் பாருங்க. காய்ந்த தடமும் ஒளிரும்.

ரேஸிங் டீமில் இருப்பவங்களுக்கு ஒரு வார்த்தை. ஃபார்முலா ஸ்டூடன்ட் விதிகளின்படி தண்ணியால் குளிரும் இன்ஜினில் வெறும் தண்ணி மட்டும்தான் ஊற்றலாம். கிளைக்கால் சிந்தினால் டிராக் வழுக்கும், பின்னால் வருபவருக்கு ஆபத்து. வெறும் தண்ணி என்றால் நிறமும் இல்லை, தடமும் இல்லை. வண்டியை 60 டிகிரி சாய்த்து எந்தத் திரவமும் கசியக்கூடாது என்று பார்க்கும் டில்ட் டெஸ்ட்டும் உண்டு. அங்கே போய் மாட்டுவதைவிட, செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு வண்டியை ஏற்றுவதற்கு முதல் நாளே பிரஷர் டெஸ்ட்டை முடிச்சிருங்க.

உள்ளே போகிறதா? ஆதாரத்தோடு சொல்லுங்க

ஹெட் கேஸ்கெட் என்று சொல்வதற்கு முன்னால் ரெண்டு ஆதாரமாவது கையில் வேண்டும். ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மோர் மாதிரி வெளுப்பு இருந்தால் மட்டும் போதாது. சின்னச் சின்ன ஓட்டம் மட்டும் ஓடும் வண்டியில், குளிர், மழைக் காலத்தில், வெறும் ஈரப்பதமே அப்படிச் சேரும். டிப் ஸ்டிக்கில் ஆயிலே வெளுத்திருந்தாலோ ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோதான் கவலைப்படணும். அப்போது இன்ஜினை ஓட்டவே கூடாது. பேரிங் போய்விடும்.

முதல் ஆதாரம், வேதியியல். புரோமோதைமால் புளூ நம்ம கெமிஸ்ட்ரி லேபில் இருக்கும் அதே நிறங்காட்டி. கூலன்ட் மட்டத்துக்கு மேலே நிற்கும் காற்றை இந்த நீலத் திரவத்தின் வழியே இழுக்கும் கருவி இருக்கு. சிலிண்டர் வாயு கலந்திருந்தால் அதில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடு கரைந்து அமிலமாகி, நீலம் மஞ்சளாகும். கூலன்ட்டையே உறிஞ்சிவிடாமல் பார்த்துக்கணும், இல்லையென்றால் முடிவு செல்லாது.

ரெண்டாவது, அழுத்தம். ஒவ்வொரு சிலிண்டரையும் மேல்நிலைக்குக் கொண்டுவந்து, பிளக் ஓட்டை வழியே கம்ப்ரசர் காற்றைச் செலுத்தி, ரேடியேட்டர் வாயில் குமிழி வருகிறதா என்று பாருங்க. வந்தால் எந்த சிலிண்டர் என்பதும் தெரிந்துவிடும். காற்று பிஸ்டனைத் தள்ளி இன்ஜினைச் சுழற்றலாம், அதனால் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யணும்.

மூன்றாவது, கண். பிளக் ஓட்டை வழியே கேமரா விட்டால், கரி படிந்த பிஸ்டன்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் கழுவி வைத்த மாதிரி பளிச்சென்று இருக்கும். நீராவி அதைக் கழுவியிருக்கு.

பிரஷர் டெஸ்ட்டில் தேறிய வண்டியிலும் இது நடக்கும். எரியும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் பெட்ரோல் இன்ஜினில் பல பத்து பார், டீசலில் நூறு பாரையும் தாண்டும். நாம் வெளியில் இருந்து தருவது ஒரு பார்தான். அந்த ஒரு பாருக்குத் திறக்காத இடுக்கு, எரிவாயுவுக்குத் திறக்கும்.

இந்த வகையில் உலகமே பேசிய ஒரு நிகழ்வும் உண்டு. 2018-ல் தென் கொரியாவில் பி.எம்.டபிள்யூ டீசல் கார்கள் பல, ஓடும்போதே தீப்பிடித்தன. காரணமாகச் சொல்லப்பட்டது ஈ.ஜி.ஆர். கூலரில் ஏற்பட்ட கூலன்ட் கசிவு. புகையின் ஒரு பகுதியைக் குளிரவைத்து மறுபடியும் இன்ஜினுக்கே அனுப்பும் பாகம் அது. உள்ளே கசிந்த கிளைக்கால், கரியோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் சேர்ந்து படிந்து, சூடான புகை பட்டுப் பற்றியது. அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் உலகம் முழுக்க அந்த எண்ணிக்கை 16 லட்சத்தைத் தொட்டது. புகைப் பாதைக்குள் போன கூலன்ட் தரையில் சொட்டாது. டீசல் வண்டியில் கூலன்ட் குறைந்தும் வெளியே தடம் இல்லை, ஹெட்டும் நல்லா இருக்கு என்றால் ஈ.ஜி.ஆர். கூலரைக் கழட்டித் தனியாகச் சோதிங்க.

நம்ம ஊர்த் தண்ணி

கசிவு எங்கே பிறக்கிறது என்பதையும் பார்க்கணும். சிறுவாணித் தண்ணியில் உப்பு குறைவு, ஊருக்கே தெரியும். ஆனால் வழியில் பெட்ரோல் பங்க்கிலோ தோட்டத்திலோ பிடித்து ஊற்றுவது பெரும்பாலும் போர்த் தண்ணி. வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதே கால்சியம் கார்பனேட்தான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். தண்ணியில் உள்ள குளோரைடு அலுமினியத்தில் ஊசி முனை அளவுக்குக் குழி தோண்டும். கூலன்ட்டில் இருக்கும் துருத் தடுப்பானும் ஒவ்வொரு தடவை நீர்க்க நீர்க்க பலம் இழக்கும். கலவைக்கு டி.எம். வாட்டர் அல்லது டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்க. சிறுவாணியாக இருந்தாலும் குடிக்க மட்டும் வைத்துக்கொள்வோம்.

மலைப்பாதையில் ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவது நம்ம ஓட்டுநர்கள் காலம்காலமாகச் செய்யும் கைவைத்தியம். தூள் ஊறி ஓட்டையை அடைக்கும், ஊர் வந்து சேரலாம். கடையில் விற்கும் 'ஸ்டாப் லீக்' திரவமும் அதே வேலைதான். ரெண்டும் ஓட்டையை மட்டும் தேடிப் போகாது. ஹீட்டர் கோர், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் எல்லாவற்றையும் சேர்த்து அடைக்கும். அவசரத்துக்குப் போட்டால், ஊர் வந்ததும் கழுவிவிட்டு உண்மையான கசிவைச் சரி பண்ணணும்.

இன்னொன்று. டெம்பரேச்சர் முள்ளை முழுசாக நம்ப வேண்டாம். பெரியநாயக்கன்பாளையத்தில் பிரிக்கால் மாதிரி டேஷ்போர்டு மீட்டர் செய்யும் கம்பெனியே நம்ம ஊரில் இருக்கு. ஆனால் எவ்வளவு நல்ல மீட்டரும் சென்சார் சொல்வதைத்தான் காட்டும். கூலன்ட் ரொம்பக் குறைந்து சென்சார் காற்றில் நின்றால், ஹெட் வெந்துகொண்டிருக்கும்போதே முள் இறங்கிக் காட்டலாம். முள் நடுவில் இருக்கிறது என்பது கூலன்ட் இருக்கிறது என்பதற்குச் சாட்சி இல்லை.

சரி செய்தாச்சு என்று எப்போது சொல்லலாம்?

பாகத்தை மாற்றின அன்றே இல்லை. கசிவைக் காட்டிய அதே சோதனை, அதே அழுத்தம், அதே நிலை, இப்போது தேறணும். மேட்டில் மட்டும் குறைந்த வண்டி மேடு ஏறி வந்து காட்டணும். உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றிவிட்டு, மறுபடியும் ரெண்டு வாரம் காலையில் மார்க்கர் கோட்டைப் பாருங்க. கோடு அசையவில்லை என்றால் சரி.

மெக்கானிக்கிடம் போகும்போதும் "கூலன்ட் குறையுதுண்ணா" என்று மட்டும் சொல்லாதீங்க. "ரெண்டு வாரத்தில் அரை லிட்டர் குறையுது, ஊருக்குள் ஓடினால் குறையறதில்லை, மலை ஏறினால் மட்டும் குறையுது, மூடியை டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாமாண்ணா?" என்று நோட்டைக் காட்டிக் கேளுங்க. பல வருஷ அனுபவம் உள்ளவருக்கு அந்த மூன்று வரி போதும், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். அதற்குப் பிறகும் ஹெட்டைக் கழட்டணும் என்றால் கழட்டலாம். அந்த முடிவுக்குப் பின்னால் ஆதாரம் இருக்கும், வண்டிக்காரரின் காசும் வீணாகாது.